பயிற்சிக்குப் போனவர் கேட்டு வாங்கிய தொலைநோக்கி

ஆண்டுதோறும் மார்ச் மாத நடுவிலும் செப்டம்பர் மாதக் கடைசியிலும் சில நாட்கள், நண்பகல் வாக்கில், உங்கள் வீட்டுத் தொலைக்காட்சி சில நிமிடங்கள் பழுதாவதைக் கவனித்திருக்கிறீர்களா? படம் கட்டம் கட்டமாக உடையும். பிறகு மறைந்தே போகும். சற்று நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். மழை இருக்காது, மேகமும் இருக்காது. பாவம், டிஷ் பொருத்தியவரைத் திட்டாதீர்கள். அந்த நேரத்தில் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் ஞாயிறு வந்து நிற்கிறது. செயற்கைக்கோள் அனுப்பும் மெல்லிய வானொலி அலையை ஞாயிற்றிலிருந்து வரும் வானொலி இரைச்சல் அமுக்கிவிடுகிறது. அந்தச் சில நிமிடங்களுக்கு உங்கள் மொட்டை மாடித் தட்டு, உங்களைக் கேளாமலேயே, ஒரு வானொலித் தொலைநோக்கியாகிவிடுகிறது!

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியன். வானொலித் தொலைநோக்கி என்ற பாடத்தை ஆறு ஆண்டுகள் கரும்பலகையில் படம் போட்டே நடத்தி வந்தேன். பரவளையம் வரைவேன், குவியத்தில் ஒரு புள்ளி வைப்பேன், சூத்திரத்தை எழுதுவேன், மணி அடித்துவிடும். ஒரு நாள் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர், "சார், இதுல எதையாவது நீங்க கையால தொட்டுப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. "இல்லை" என்றேன்.

அடுத்த மார்ச்சில், மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் நானும் மாணவர் ஐவரும் கூடினோம். யாரோ வேண்டாமென்று கழற்றிப் போட்ட 60 செ.மீ. தட்டு ஒன்று, அதன் முன்கையில் அலை வாங்கும் எல்.என்.பி.; ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய, முள் ஆடும் சாட்டிலைட் ஃபைண்டர்; மின்சாரத்துக்கு ஒரு பழைய செட்டாப் பெட்டி. கருவி அவ்வளவுதான். மாலை நான்கு மணி வெயிலில் தட்டின் முகத்தைக் கண்ணாடியைத் திருப்புவதுபோல் ஞாயிற்றுக்கு நேராகத் திருப்பினேன். முள் அசையவில்லை. ஒரு மணி நேரம் வியர்வை சிந்தினோம், பயனில்லை.

தியாகராய நகரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் மாலை நேரங்களில் தம் அண்ணனோடு டிஷ் பொருத்தும் வேலைக்குப் போகிறவர். நெடுநேரம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், இந்தத் தட்டு பார்க்கிற பக்கம் வேற; அலை வர்ற பக்கம் வேற" என்றார். எல்.என்.பி.யின் நிழல் தட்டின் நடுவில் விழாமல் கீழ் விளிம்புக்கு வரும்படி தட்டைச் சாய்த்தார். தட்டு ஏறக்குறையச் செங்குத்தாக நின்றது. முள் சரேலென்று ஏறியது. வீட்டுத் தட்டுகள் முழுப் பரவளையத்தின் நடுப்பகுதி அல்ல. ஓரத்திலிருந்து வெட்டிய துண்டு. ஆகவே முகத்துக்கு நேரே அல்லாமல், சுமார் 25 பாகை மேலிருந்து வரும் அலையைத்தான் அவை குவிக்கும். இதை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன், பாடமும் நடத்தியிருக்கிறேன். ஆனால் என் கைக்கு அது தெரியவில்லை.

பிறகு தட்டை அசைக்காமல் விட்டோம். பத்து நிமிடத்தில் முள் தானாக இறங்கிவிட்டது. பூமி சுழன்றதால் ஞாயிறு தட்டின் பார்வையிலிருந்து நகர்ந்துவிட்டது. இதைக் கண்டு மாணவர்கள் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுப் பாட்டி மேலே வந்து விட்டார்கள். (எச்சரிக்கை: இதை நீங்கள் செய்யும்போது ஞாயிற்றைக் கண்ணால் பார்க்காதீர்கள். நிழலைப் பார்த்தே தட்டைத் திருப்புங்கள்.)

ஒரு கருவியைப் பழக ஒரு கைகாரர் அருகில் வேண்டும். அப்படியானால் நம் நாட்டில் இந்தக் கலையை முதன்முதலில் யார், யாரிடம் பழகினார்கள்? அன்றிரவு எனக்கு எழுந்த இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது கிடைத்த வரலாறு, எந்தக் கண்டுபிடிப்புக் கதைக்கும் குறைந்ததல்ல.

வானிலிருந்து வானொலி அலைகள் வருகின்றன என்பதே 1930களில்தான் தெரியவந்தது. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கார்ல் ஜான்ஸ்கி, கடல் கடந்த தொலைபேசியில் கேட்கும் கொரகொரப்புக்குக் காரணம் தேடினார். ஒரு வகை இரைச்சல் மட்டும் நாள்தோறும் நான்கு நிமிடம் முன்னதாகவே உச்சத்தை எட்டியது. விண்மீன்களும் நாள்தோறும் நான்கு நிமிடம் முன்னதாகத்தானே உதிக்கின்றன? ஆகவே அது பால்வீதியின் இரைச்சல் என்று 1933இல் அறிவித்தார். வானியலாளர்கள் அதிகம் கவனிக்கவில்லை. குரோட் ரீபர் என்ற இளம் பொறியாளர் ஒருவர்தான் 1937இல் தம் சொந்தப் பணத்தில் வீட்டுத் தோட்டத்திலேயே தட்டு ஒன்றைக் கட்டி அந்த வேலையைத் தொடர்ந்தார். இரண்டாம் உலகப்போரில் ராடார் கற்ற இளைஞர்கள், போர் முடிந்ததும் அதே கருவிகளை வானத்தை நோக்கித் திருப்பினார்கள். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தத் துறை வேகமாக வளர்ந்தது.

நம் நாட்டுக்கு அது வந்து சேர்ந்ததற்கு ஒரு தமிழர் காரணம். இராமன் விளைவு ஆய்வில் சர் சி. வி. இராமனுக்குத் துணை நின்ற கே. எஸ். கிருஷ்ணன், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்தவர். இளமையில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் செயல்விளக்குநராக இருந்தார். அப்போது பகல் உணவு இடைவேளையில் மாணவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஒரு பேச்சு வகுப்பு வைத்திருந்தாராம். வேறு கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத அந்த வகுப்பை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாக இருக்கிறது.

1947இல் கிருஷ்ணன் புதுடில்லித் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரானார். 1952இல் அனைத்துலக வானொலி அறிவியல் சங்கத்தின் மாநாட்டுக்காகச் சிட்னி சென்றார். அங்கே ஜோசஃப் பாசி என்பவரின் தலைமையில் இளைஞர்கள் பலர் தாங்களே கட்டிய கருவிகளால் வானத்தைக் 'கேட்டுக்' கொண்டிருந்ததைக் கண்டார். டில்லிக்குத் திரும்பியதும் அதைப் பற்றி ஆய்வுக்கூடத்தில் விரிவாகப் பேசினார். கேட்டவர்களில் ஒருவர் 23 வயதான கோவிந்த் ஸ்வரூப். போரில் மிஞ்சிய ராடார் உறுப்புகளைக் கொண்டு 3 செ.மீ. அலைக் கருவி ஒன்றை அப்போதுதான் கட்டியிருந்தார். வானியல் படித்தவரல்லர்.

இருவரைப் பயிற்சிக்கு அனுப்ப முடிவாயிற்று. கொழும்புத் திட்டத்தின் உதவித்தொகையில் 1953இல் சிட்னி போய்ச் சேர்ந்தவர்கள் ஸ்வரூப்பும், கொடைக்கானல் வானாய்வகத்திலிருந்து வந்த ஆர். பார்த்தசாரதியும். இந்தக் கொடைக்கானல் வானாய்வகத்தின் தாய்வீடு நம் நுங்கம்பாக்கம் என்பதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1792இல் அங்கே சென்னை வானாய்வகம் எழுந்தது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூணை இன்றும் கல்லூரிச் சாலை வானிலை அலுவலக வளாகத்தில் காணலாம். தமிழிலும் அதில் எழுத்துப் பொறித்திருக்கிறது. அதைக் கட்டிய மைக்கேல் டாப்பிங்கே 1794இல் எட்டுச் சிறுவர்களை வைத்து நில அளவைப் பள்ளி ஒன்றையும் தொடங்கினார். கிண்டிப் பொறியியல் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். கருவி இருக்கும் இடத்திலேயே பிள்ளைகளைப் பழக்குவது நம் ஊருக்குப் புதிதல்ல.

சிட்னிக்கு வருவோம். பாசி இந்த இரு இளைஞர்களுக்கும் வகுப்பு எதுவும் எடுக்கவில்லை. முதல் ஆண்டில் ஒவ்வொரு ஆய்வுக் குழுவிலும் சில மாதங்கள் வீதம் வேலை செய்ய விட்டார். பாட்ஸ் ஹில் என்ற இடத்தில் நீர்த்தேக்கக் கரையோரமாக, கிறிஸ்டியன்சன் என்பவர் ஏறக்குறைய 6 அடி விட்டமுள்ள 32 தட்டுகளை 700 அடி நீளத்துக்கு ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தார். ஏன் இத்தனை தட்டுகள்? தொலைநோக்கியின் கூர்மை, அதன் அகலத்தை அலைநீளத்தால் வகுத்தால் கிடைப்பது. ஒளியின் அலைநீளம் மிகச் சிறியது; ஆகவே சிறிய ஆடியே போதும். வானொலி அலையின் நீளமோ சென்டிமீட்டரிலும் மீட்டரிலும் இருக்கிறது. 700 அடிக்கு ஒரே தட்டு யாரால் கட்ட முடியும்? சிறு தட்டுகளை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றின் அலைகளையும் கம்பி வழியே ஒன்றாகக் கூட்டினால், கூர்மையைப் பொறுத்தவரை அந்த வரிசை முழுவதுமே ஒரு தொலைநோக்கிபோல் வேலை செய்யும். தெருவின் இரு முனைகளிலும் ஆட்களை நிறுத்திச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதைப் போன்றது இது.

அந்த வரிசை ஞாயிற்றைப் பட்டை பட்டையாகத்தான் அறுத்துப் பார்க்கும். பட்டைகளைச் சேர்த்து முழுப்படமாக்கும் கணக்கைக் கணினியின்றிக் கையால் போட வேண்டும். வாரக்கணக்கில் அந்தக் கணக்கைப் போட்டவர்களில் நம் பயிற்சியாளர் இருவரும் உண்டு. இன்று மாணவரிடம் இதைச் சொன்னால், "அடிமை வேலை சார்" என்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. கணக்கின் ஒவ்வொரு படியும் விரல் வழியே போனதால்தான், பின்னால் அந்தக் கருவியை அக்கக்காகப் பிரித்து மாற்றும் துணிவு அவர்களுக்கு வந்திருக்க வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் சொந்தமாக ஓர் ஆய்வு செய்யலாம் என்று பாசி விட்டுவிட்டார். 21 செ.மீ. அலைநீளத்துக்காகச் செய்த அந்த வரிசையை இருவரும் 60 செ.மீ.க்கு மாற்றியமைத்தார்கள். 32 தட்டுகளிலிருந்தும் வரும் கம்பிவழிகள் ஒன்றுக்கொன்று பிசகாமல் பொருந்த வேண்டும், சரிபார்ப்பது பெரும்பாடாயிற்று. ஆனால் பலன் கிடைத்தது. ஞாயிற்றின் வட்டில் நடுப்பகுதியைவிட விளிம்பு 60 செ.மீ. அலையில் கூடுதலாகப் பிரகாசிக்க வேண்டும் என்பது கோட்பாடு. கேம்பிரிட்ஜில் 1950இல் செய்த அளவீட்டில் அப்படி எதுவும் தெரியவில்லை. பயிற்சிக்கு வந்த இரு இந்தியர்கள் விளிம்புப் பிரகாசத்தை அளந்து காட்டி, 1955இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

இதற்குள் கிறிஸ்டியன்சன் வேறிடத்தில் பெரிய கருவி கட்டத் தொடங்கியிருந்தார். பாட்ஸ் ஹில் தட்டுகளுக்கு இனி வேலையில்லை. கழித்துக்கட்டப் போகிறார்கள் என்பது ஸ்வரூப்புக்குத் தெரிந்தது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அவர் கூச்சப்படாமல், "இவற்றை இந்தியாவுக்குக் கொடுத்துவிடலாமே" என்று பாசியிடம் கேட்டார். பாசியும் இசைந்தார். பயிற்சிக்குப் போனவர், பயின்ற கருவியையே சீராக வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய கதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

கதை இங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. தட்டுகளை ஏற்றிவரும் கப்பல் கூலியை யார் கொடுப்பது என்பதிலேயே காலம் ஓடியது. அந்நியச் செலாவணி தட்டுப்பாடான நாட்கள் அவை. டில்லியில் காத்திருந்த ஸ்வரூப் 1956இல் அமெரிக்கா சென்றார். பார்த்தசாரதியும் அலாஸ்காவுக்கு வானொலி ஆய்வு செய்யப் போய்விட்டார். பின்னர் தட்டுகள் டில்லி வந்து சேர்ந்தன; அவற்றை இயக்கத் தெரிந்தவர்கள் கடல் கடந்து இருந்தார்கள். கருவி வந்தது, கை போய்விட்டது! நம் ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் உறை பிரிக்காமல் கிடக்கும் பெட்டிகளைப் பார்த்திருக்கும் ஆசிரியர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஸ்டான்ஃபோர்டில் ஸ்வரூப் சும்மா இருக்கவில்லை. பாட்ஸ் ஹில்லில் தம்மைப் படாதபாடு படுத்திய கம்பிவழிச் சிக்கலை மறக்காமல், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குறியலையை அனுப்பி, அது திரும்பிவருவதைக் கொண்டே வழியின் நீளத்தைச் சரிபார்க்கும் முறையை யாங் என்பவரோடு சேர்ந்து 1961இல் வெளியிட்டார். அதன்பின் உலகில் எழுந்த பெரிய தொலைநோக்கி வரிசைகள் பலவற்றுக்கும் அந்த எண்ணம் கைகொடுத்தது.

அதே 1961இல் வெளிநாட்டில் இருந்த நால்வர், டி. கே. மேனன், எம். ஆர். குண்டு, டி. கிருஷ்ணன், ஸ்வரூப் ஆகியோர், தாயகத்தில் வானொலி வானியல் குழு ஒன்று அமைத்தால் தாங்கள் திரும்பத் தயார் என்று இந்திய நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ஹோமி பாபா, குழுவை அமைக்க முடிவு செய்துவிட்டதாக 1962 ஜனவரியில் தந்தியே அடித்துவிட்டார். முதலில் திரும்பியவர் ஸ்வரூப். 1963இல் பம்பாயில் சேர்ந்ததும் டில்லியில் கிடந்த அந்தத் தட்டுகளை வரவழைத்தார். டிராம்பே அணுசக்திப் பயிற்சிப் பள்ளியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, பம்பாய் அருகே கல்யாணில் அவற்றை நிறுத்தினார். கிழக்கு மேற்காக 630 மீட்டரில் 24 தட்டுகள், வடக்கு தெற்காக 256 மீட்டரில் 8 தட்டுகள். 1965இல் அவை ஞாயிற்றைக் கேட்கத் தொடங்கின. அந்த இளைஞர்களுக்குக் கல்யாண்தான் பாட்ஸ் ஹில்.

அவர்களோடுதான் ஸ்வரூப் உதகைக்கு வந்தார். 1963இல் வெளியான ஒரு செய்தி அவரை உலுக்கியிருந்தது. நிலா ஒரு வானொலி மூலத்தை மறைக்கும் கணத்தைத் துல்லியமாக அளந்து அதன் இடத்தைக் குறித்ததால், குவாசர் என்னும் மிகத் தொலைவிலுள்ள புதுவகைப் பொருள் அடையாளம் காணப்பட்டது. நிலாவின் விளிம்பையே கத்தியாகப் பயன்படுத்தும் இந்த உத்திக்கு, நிலாவை நெடுநேரம் பின்தொடரும் பெரிய தொலைநோக்கி வேண்டும். நிலநடுக்கோட்டில் கட்டினால் வடக்கு தெற்காகத் தரையில் கிடத்திய நீண்ட உருளை வடிவத் தொலைநோக்கியை ஒரே அச்சில் உருட்டியே பின்தொடரலாம். ஆனால் நம் நாடு நிலநடுக்கோட்டில் இல்லையே? அதற்கு அவர் கண்ட வழியை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. உதகை அருகே முத்தொரையில் வடக்கு நோக்கி ஏறும் மலைச்சரிவு ஒன்றின் சாய்வு ஏறக்குறைய 11 பாகை. அந்த ஊரின் அட்சரேகையும் ஏறக்குறைய அதுவே! அந்தச் சரிவில் கிடத்திய அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாகிவிடும். மலை செய்துவைத்த வேலையை மனிதர் மறுபடி செய்ய வேண்டியதில்லை.

அங்கே 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட தொலைநோக்கி எழுந்தது. 24 பரவளையச் சட்டங்கள். அவற்றின்மேல் கூந்தல்போல் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய துருவேறா எஃகுக் கம்பிகள். குவியக்கோட்டில் 1,056 இருமுனை ஏரியல்கள். அலைநீளம் 92 செ.மீ. தொடர்ந்து ஒன்பதரை மணி நேரம் ஒரு பொருளைப் பின்தொடரும். இந்திய வடிவமைப்பு, இந்திய வேலைப்பாடு. 1970 பிப்ரவரியில் அது இயங்கத் தொடங்கியது. நிலா மறைப்பு முறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வானொலி மூலங்களை அளந்தார்கள். மங்கலான, அதாவது பொதுவாகத் தொலைவிலுள்ள மூலங்களின் தோற்ற அளவு எப்படி மாறுகிறது என்று 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் காட்டிய முடிவு, அண்டம் என்றும் ஒரே மாதிரி இருப்பதல்ல, காலத்தோடு மாறிவருவது என்ற கருத்துக்கு வலுச் சேர்த்தது. பின்னர் புனே அருகே கொடாடில் 45 மீட்டர் தட்டுகள் முப்பதைக் கொண்ட மாபெரும் தொலைநோக்கியையும் அவரே தலைமை தாங்கி எழுப்பினார். 2020 செப்டம்பரில் காலமானார். கடைசிவரை அறிவியல் கல்வி பற்றிய கவலை அவருக்கு இருந்தது. 2006இல் தொடங்கிய ஐசர் கல்வி நிறுவனங்களுக்கு வித்திட்ட யோசனையை வி. ஜி. பிடேயுடன் சேர்ந்து முன்வைத்தவரும் அவரே.

முத்தொரைச் சரிவை நான் பார்த்தது என் மாணவர் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான். சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் பகலில் அங்கே நிற்கலாம். ஆறு ஆண்டுகள் நான் ஏறவில்லை. கண் எட்டும் தொலைவுக்கு அந்தக் கம்பிகள் வெயிலில் மின்னியதைப் பார்த்து நின்றபோது, கரும்பலகையில் நான் வரைந்த பரவளையம் எவ்வளவு சிறியது என்று தோன்றியது. புனேயிலும் உதகையிலும் கல்லூரி மாணவர்கள் தாங்களே கருவியை இயக்கிப் பழகும் பயிற்சிகள் நடக்கின்றன. அமெரிக்காவில் ஓய்வு கொடுத்த 34 மீட்டர் விண்வெளித் தட்டு ஒன்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கி, முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, பிறகு அவரவர் வகுப்பறையிலிருந்தே பிள்ளைகளை இயக்கவிடுகிறார்கள். ஆசிரியரை முதலில் பழக்குவது என்ற அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் மொட்டை மாடிக் குழு இப்போது பன்னிரண்டு பேராகிவிட்டது. அடையாற்றிலிருந்து வரும் மாணவி ஒருவர், "சார், ராத்திரியில பால்வீதி கேட்குமா?" என்று கேட்டார். அந்த வீட்டுத் தட்டில் கேட்காது. ஹைட்ரஜன் அணு தரும் 21 செ.மீ. அலைக்குத் தனியாக ஒரு கொம்பு ஏரியல் வேண்டும். 1951இல் ஹார்வர்டில் யூவன் என்ற மாணவரும் அவருடைய ஆசிரியர் பர்செலும் ஒட்டுப்பலகையில் செம்புத் தகடு ஒட்டி அப்படி ஒன்றைச் செய்து சன்னலுக்கு வெளியே நீட்டிவைத்தே அந்த அலையை முதன்முதலில் பிடித்தார்கள். மழைநீர் அதன் வழியே அறைக்குள் கொட்டியதாம். கீழே போன மாணவர்கள் பனி உருண்டைகளை அதற்குள் எறிந்தார்களாம். எங்கள் கொம்பு அட்டையும் அலுமினியத் தாளும் கொண்டது. பாதி ஒட்டியபடி ஆய்வுக்கூட மேசையில் கிடக்கிறது. பனி உருண்டைப் பயம் எங்களுக்கு இல்லை; ஐப்பசி மழை வருவதற்குள் ஒட்டி முடிக்க வேண்டும்.